ஒரே கம்பியில் ஒரு பெண்

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். தகரக் கொட்டகையில் தொடங்கிய கிரில் பட்டறையைக் கிள்ளானில் மூன்று வாசல் கடையாக்கினேன். மூன்று கோயில்களுக்கு இரும்புக் கதவு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிக் கைப்பிடி, கணக்கில்லாத வீட்டுக் கேட்டுகள். இவனால் முடியாது என்றவர்கள் வீட்டுக் கேட்டும் என் கை வேலைதான். ஒரு பெண்ணையும் கம்பியில் நிற்க வைத்தேன். சொல்ல வந்தது அதைத்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அவர் காட்டிய தாளில், பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. கண் இல்லை, மூக்கு இல்லை, ஆனாலும் பெண்தான். அதை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே கம்பியில், நெஞ்சுயரத்துக்கு வளைத்துத் தரச் சொன்னார்.

சிமெண்டுத் தரையில் கோட்டைப் பெரிதாகப் போட்டு, அதன்படி வளைத்தேன். பாதத்தைத் தரையில் படியும்படி மடக்கி நிறுத்தினேன். குழந்தைப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மூன்று முறையும் அப்படித்தான். அடியில் தகடு வைத்துப் பற்றவைத்தால் நிற்கும். எனக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி, கடைசி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கடை அக்காவோடு பேசியபடி நின்றாள். இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருந்தது, தோள் மறுபக்கம். அசையாதே என்றேன்.

"ஏன், எனக்கும் கேட் போடப் போறீங்களா?" என்றாள்.

அவள் நின்ற மாதிரியே கம்பியை வளைத்தேன். நின்றது.

ஓவியர் வந்து தாளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கோட்டை ஏன் மாத்தினீங்க அண்ணே?"

"பிள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டு எந்தப் பொம்பள சார் நேரா நிப்பா? உங்க கோடு பேப்பர்ல மட்டுந்தான் நிக்கும் லா."

பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கம்பியைப் பார்த்து அவளை மறுபடி வரைந்தார்.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வருவார். வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறிப்போகும், பேனா நிற்காது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் எங்களை வரைந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் அவர் படங்களை மாட்டியிருந்தார்கள். எல்லாப் பெண்களும் இடுப்பைத் தள்ளித்தான் நிற்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஆங்கில அட்டையை மகள் படித்துச் சொன்னாள்: அந்த வளைவு ஓவியரின் சொந்தக் கண்டுபிடிப்பாம். அங்கிருந்த பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

ஆகவே கண்காட்சி நடத்துகிற உங்களிடம் எழுத்தில் கேட்கிறேன். அந்த அட்டையைக் கழற்றுங்கள். அந்த வளைவு கிள்ளான் கிரில் பட்டறையில் பிறந்தது என்று எழுதி, ஓவியர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரையும் போட்டு மாட்டுங்கள்.