ஏலக்கூடத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு

ஊர் ஊராகப் போய் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவரிடம் அதே கேள்வியை யார் கேட்பது? கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் அவர் நம் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கி உரிக்கத் தொடங்கியிருப்பார். "நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் உரிக்கிறேன்" என்பார். கை சும்மா இருப்பவர்தான் பேசியாக வேண்டும். அந்த இடத்தில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. வெங்காயம் உரிக்கவென்றே பையில் சொந்தமாக ஒரு சின்னக் கத்தி வைத்திருக்கிறார்.

எல்லோருக்கும் அவர் சர்வே அக்கா. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் உள்நாட்டுக் கிராமங்களிலும் கடலோரக் குடியிருப்புகளிலும் மனநல மருத்துவம் மக்களுக்குக் கிடைக்கிறதா என்று ஆராயும் குழுவில் களப்பணியாளர். நகரத்தில் இருக்கும் பேராசிரியர் கேள்விகளை எழுதி அனுப்புகிறார்; அக்கா அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோகிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தாராம். பிறகு, வயதை ஏற்றி மரியாதை கொடுப்பவர்களோடு என்ன வழக்கு என்று விட்டுவிட்டார்.

யாருக்கும் எதிரில் உட்கார மாட்டார், பக்கத்தில்தான் உட்காருவார். "எதிர்ல உட்கார்ந்தா போலீஸ் மாதிரி இருக்கு. பக்கத்துல உட்கார்ந்தா பஸ்ல போற மாதிரி. பஸ்லதானே மனுஷங்க மனசுவிட்டுப் பேசறாங்க" என்பது அவர் கண்டுபிடிப்பு. கடலோரத்தில் வேலை பார்த்தாலும் படகு ஆகாது. கரையில் கட்டிப்போட்ட படகில் ஏறியே வாந்தி எடுத்தவர். கடலைப் போட்டோவில் பார்த்தாலும் வாந்தி வருமா என்று மீன் ஏலம் விடும் இளைஞர் ஒருமுறை சீண்டினார். "போட்டோவுக்கு வராது தம்பி. உன் மூஞ்சியைப் பார்த்தாதான் வருது" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வீட்டிலும் இந்தத் தொழில் விடவில்லை. குழம்பு எப்படி என்று கேட்கும்போதுகூட ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்கிறார் என்று கல்லூரியில் படிக்கும் மகள் புலம்புகிறாள். "நீ எப்படிம்மா இருக்க?" என்று அவள் திருப்பிக் கேட்டால், அது கேள்வித்தாளில் இல்லை என்று பதில் வரும். பேராசிரியரின் கேள்விகளில் ஒன்று, 'சமீபத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா?' என்பது. மற்ற கேள்விகளைக் கதைபோல நிதானமாகச் சொல்லும் அக்கா, இதை மட்டும் சற்று வேகமாகச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். இதைக் கவனித்துச் சொன்னவளும் மகள்தான்.

ஆராய்ச்சியில் அவர் கண்டறிந்த பெரிய விஷயம் பேருந்தில் கிடைத்தது. கடலோரத்துப் பெண்கள் சிலர் வாரம் தவறாமல் காய்கறிப் பையோடு உள்நாட்டுக்குப் போனார்கள். காலிப் பையோடு திரும்பினார்கள். காய் வாங்கவில்லையா என்று கேட்டால் விலை அதிகம் என்றார்கள். அடுத்த வாரமும் விலை அதிகம். ஒருநாள் அக்காவும் அவர்களோடு இறங்கினார். சந்தை இடதுபக்கம், அவர்கள் திரும்பியது வலதுபக்கம், உள்நாட்டு மனநல கிளினிக்குக்கு. நீங்கள் எங்கே இந்தப் பக்கம் என்று அவர்கள் முந்திக்கொண்டு கேட்க, "கத்திரிக்காய் வாங்க வந்தேன்" என்றார் அக்கா. சொன்ன வார்த்தைக்காகச் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கியும் திரும்பினார்.

இத்தனைக்கும் அவர்களுடைய கரையிலேயே ஒரு கிளினிக் இருந்தது. வாரம் ஒருநாள் டாக்டர் வருவார், ஆள்தான் வராது. உள்நாட்டில் கூட்டம் நெரிகிறது, கரையில் ஈ ஓட்டுகிறார்கள் என்று பார்த்த சுகாதார அலுவலகம், கடலோர மக்களின் மனம் நன்றாகவே இருக்கிறது, கடற்காற்று காரணமாக இருக்கலாம் என்று முடிவுகட்டி, மாதக் கடைசியில் கிளினிக்கை மூடிவிடுவதாக அறிவித்தது.

காரணம் காற்று அல்ல, பெஞ்சு. காத்திருப்பவர்களுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே மீன் ஏலக்கூடம். பெஞ்சில் உட்கார்ந்தவர், ஏலத்துக்கு வைத்த மீனைவிடத் தெளிவாக ஊர்க் கண்ணில் படுவார். கிளினிக்கின் நர்ஸம்மா ஒருமுறை பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுப் பார்த்தார். இப்போது ஆட்களை மறைத்து வைக்கிறார்கள், நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது என்று ஊர் பேசியது. பெஞ்சு மறுபடி வாசலுக்கே வந்தது.

பேருந்தில் போகிறவர்களுக்கு எப்படியோ வழி இருந்தது. போக முடியாதவர் இன்ஜின் மெக்கானிக். கரையில் இருக்கும் படகுகளில் பாதி அவர் கைபட்டு ஓடுபவை. சில மாதங்களாக, பிரித்துப்போட்ட இன்ஜின் முன்னால் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார், தொட மாட்டார். சாப்பாடும் இறங்கவில்லை. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக்கின் மனைவி சொன்னார்: "பஸ் ஏற மாட்டேங்கிறாரு அக்கா. ஷெட்டை விட்டா ஏலக்கூடம், அவ்வளவுதான் அவர் கால் போற தூரம். இங்க இருக்கிற கிளினிக்கையும் மூடிட்டா நான் எங்க கூட்டிட்டுப் போவேன்?"

மெக்கானிக்கின் கணக்கு வேறு. "அந்த பெஞ்சுல என்னைப் பார்த்துட்டா, அப்புறம் எவன் என்னை நம்பி இன்ஜினைக் கொடுப்பான்?" என்றார். சமாதானம் சொல்ல அக்காவுக்கு ஆசைதான். இருந்தாலும் சொல்லக் கூடாது. கேட்கலாம், யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி. பேராசிரியருக்கு போன் செய்து பேருந்தையும் பெஞ்சையும் பற்றிச் சொன்னார். அருமையான தகவல், அறிக்கையில் சேர்க்கலாம் என்று மகிழ்ந்தார் பேராசிரியர். அறிக்கை அடுத்த வருடம் வரும்.

அந்த வாரம் டாக்டர் வந்த நாளில், ஏலம் சூடுபிடித்திருந்த நேரத்தில், அக்கா நர்ஸம்மாவிடம் ஒரு டோக்கன் வாங்கினார். வாசலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஓரத்தில்கூட இல்லை, நட்டநடுவில். உரிக்க எதையும் எடுக்கவில்லை. ஏலம் விடுபவர் விலை சொல்வதை நிறுத்தினார்.

"அக்கா, அங்க உட்கார்ந்து யாரை சர்வே பண்றீங்க?"

"யாரையும் இல்ல தம்பி. டாக்டரைப் பார்க்கணும். எனக்குத்தான்."

யாரோ மீன் கெட்டுப்போகும் என்று ஞாபகப்படுத்த, ஏலம் தொடர்ந்தது. அக்கா உள்ளே போனார். வெறும் நடிப்பென்றால் போன சூட்டில் திரும்பியிருக்கலாம். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், முகம் கழுவியிருந்தார்.

செய்தி பேராசிரியருக்கும் எட்டியது. ஆராய வந்தவரே நோயாளி வரிசையில் உட்கார்ந்தால் அந்தக் கிளினிக்கின் தகவல் எதையும் பயன்படுத்த முடியாது என்று வருத்தத்தோடு அதை ஆய்விலிருந்து நீக்கினார். அக்கா வெயிலில் நடந்த நடையெல்லாம் அதோடு போயிற்று. அவர் வாதாடவில்லை. அடுத்த வாரமும் டோக்கன் வாங்கினார். இந்த முறை காய்கறிப் பைப் பெண்கள் இருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பேருந்துக் கட்டணம் மிச்சம் என்று அவர்களில் ஒருத்தி ஏலக்கூடத்துக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். பெஞ்சு நிறையத் தொடங்கியது; மாதக் கடைசியில் கிளினிக்கை மூடவில்லை. இன்னொரு பெஞ்சு வேண்டும் என்று நர்ஸம்மா அலுவலகத்தை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

கரைக்கு ஆள் வர வேண்டுமென்று உட்கார்ந்தாரா, உண்மையிலேயே தனக்காகவா? இதை அவரிடம் கேட்டவர்களில் நானும் ஒருவன். "உங்களுக்குத் தூக்கமெல்லாம் நல்லா வருதா?" என்று திருப்பிக் கேட்டார். மகளும் கேட்டிருக்கிறாள். அவளிடமும் பேச்சை மாற்றிவிட்டார். குழம்புக்கு எண் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாராம்.

போன வாரம் நான் போனபோது அக்கா பெஞ்சில் இருந்தார். எதிரே ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மெக்கானிக் வந்தார். கையில் ஸ்பேனர் அப்படியே இருந்தது. பெஞ்சருகே வந்து, வேறெங்கோ போகிறவர்போல நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சின் மேல் தன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.