மயக்க டாக்டரம்மா

போன திங்கட்கிழமை காலை எங்கள் அறுவை அரங்கில் எல்லாம் தயாராக இருந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த பெரியவர் மேசையில் படுத்திருந்தார். டாக்டர் கோமதி அவர்கள் மட்டும் வரவில்லை. தாமதமாக வருகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆட்டோ கிடைத்திருக்காது என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் வந்து சொல்லியிருக்கிறார். கதவைத் திறந்து பார்த்தபோது, டாக்டருக்குத் தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

நான் அரங்குக்குத் திரும்பிப் போய், இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று பெரியவரிடம் சொன்னேன். "மயக்கம் குடுக்கற டாக்டர் வரலீங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் அவர்கள் கையால் மயக்கமாகிப் பிழைத்து எழுந்தவர்கள் ஏராளம். அவர்களில் டாக்டரின் முகம் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அறுத்துத் தைத்தவரின் பெயரை ஊரே சொல்லும். மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளி கண்மூடுவதற்குமுன் கொஞ்ச நேரம், அதுவும் முகமூடியோடு தெரிவார். நோயாளி தெளிந்து எழுந்து உட்காரும்போது அவர் அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார். அவர்களை அறியாதவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நான் மெஹருன்னிசா; அந்த அரங்கில் அவர்களோடு வேலை பார்த்த செவிலி.

டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் காலமான பிறகு, தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த ஓசூருக்கு வந்தார்கள். இங்கே மருத்துவமனைகள் பெருகிக்கொண்டிருந்தன, மயக்க மருந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. அவர்கள் "சொல்லுதேன்", "கேக்குதேன்" என்று பேசுவதைக் கேட்டு ஆரம்பத்தில் நாங்கள் சிரித்ததுண்டு. கன்னடமோ தெலுங்கோ அப்போது அவர்களுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் வந்த சில வாரங்களில் என்னிடம் கேட்டு, 'பயப்படாதீர்கள்', 'மூச்சை இழுங்கள்' என்பவற்றை மட்டும் இரண்டு மொழியிலும் கற்றுக்கொண்டார்கள். பயத்தில் இருக்கிறவர்களுக்குத் தாய்மொழிதான் காதில் விழும் என்பார்கள்.

அந்த நாட்களில் மயக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கண்காணிக்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. டாக்டர் உதட்டையும் நகத்தையும் பார்ப்பார்கள், வெட்டிய இடத்தில் ரத்தத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள். "கறுத்த உதட்டுல நீலம் தெரியுத நேரத்துல பாதி தூரம் போயிருப்பாங்க சிஸ்டர்" என்று ஒருமுறை சொன்னார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூர் போய்க் கையில் அடங்குகிற ஒரு கருவியை வாங்கி வந்தார்கள். விரல்நுனியில் மாட்ட ஒரு கவ்வி, ஒரு வயர், சிவப்பு எண்கள் ஒளிரும் சின்னப் பெட்டி. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் சரியாகக் காட்டாது. ஓசூர்க் குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களின் விரலைத் தம் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் மாட்டுவார்கள். இந்தப் பக்கத்து மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கருவிதான் அவர்கள் பையில் போய்வந்துகொண்டிருந்தது.

அதை வாங்கி ஓராண்டு போலிருக்கும். தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற முனிராஜு என்பவருக்குக் குடல் வெடித்து ஆபரேஷன் நடந்தது. பீடியில் கெட்டுப்போன நுரையீரல். ஆபரேஷன் முடிந்த மறுநாளும் எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால் டாக்டர் கருவியை அவர் விரலிலேயே விட்டிருந்தார்கள். மதியம் கிருஷ்ணகிரியிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அங்கே வழக்கமாக வருகிற மயக்க மருத்துவர் ஊரில் இல்லை. கார் அனுப்பியிருந்தார்கள்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார்கள். அவர்கள் பார்வை கருவியின் மேலேயே இருந்தது. "மேடம், எடுத்துட்டுப் போங்க. இவர நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

"அங்க பக்கத்துல நான் இருப்பேன் சிஸ்டர். இங்க நான் இருக்க மாட்டேன்லா. இது இங்கயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு முனிராஜு அசந்து தூங்கினார். அவர் மனைவிகூட, இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சொல்லி முகம் கழுவப் போனார். முனிராஜுவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எண் மட்டும் சரசரவென்று இறங்கியது. ஓடிப்போய் நிமிர்த்தி உட்காரவைத்தோம். சளியை உறிஞ்சி எடுத்து ஆக்சிஜனைக் கூட்டினோம். எண் மெல்ல ஏறியது. கருவி இல்லாதிருந்தால் அவர் தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

டாக்டர் இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்கள். நேரே அந்தக் கட்டிலுக்குத்தான் வந்தார்கள். எண்ணைப் பார்த்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். பிறகு, "பிள்ளை பொழச்சிட்டு. தாய் போயிட்டா" என்றார்கள். கை கழுவும் இடத்தில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ரத்தப்போக்குதான் காரணம், மயக்கத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அங்கே ஆபரேஷன் செய்தவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். யாரும் டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. நெடுநாள் கழித்து ஒரே ஒருமுறை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்கள்: "கொண்டுபோயிருந்தா அந்தப் பொண்ணு இருந்திருப்பாளான்னு கேட்டா, தெரியலன்னுதான் சொல்லுதேன். அந்தத் தெரியலங்கதுதான் சிஸ்டர், கூடவே வருது."

முனிராஜு தையல் பிரிக்க வந்தபோது சர்ஜனுக்கு மாலையும் ஸ்வீட்டும் கொண்டு வந்தார். முனிராஜுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு மனசு துடித்தது. டாக்டர் தடுத்தார்கள். "வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லங்கத இவர் எதுக்குச் சுமக்கணும்?" சற்று நேரம் கழித்து அவர்கள் வராந்தா வழியாகப் போனார்கள். பெஞ்சில் இருந்த முனிராஜு வழிவிடக் காலை மடக்கிக்கொண்டார். பீடியை விட்டாயிற்றா என்று டாக்டர் நின்று கேட்டார்கள். விட்டுவிட்டேன் என்றார். அவர்கள் போன பிறகு, "யாரும்மா அவங்க?" என்று என்னிடம் கேட்டார். "இங்க வர்ற டாக்டருங்க" என்றேன்.

பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தார்கள். தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று என் அம்மா கேட்டுவிட்டார். டாக்டர் சிரித்தார்கள். "வீட்டுல பேச ஆளில்ல. வேலைக்கு வந்தா, வாரவங்களை எல்லாம் நானே தூங்க வச்சிடுதேன்" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு மருத்துவமனையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர்களிருக்கும் அறைக்கு நானும் போய் உட்கார ஆரம்பித்தேன். அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் நான் வருகிறவரை டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர்களுடைய தம்பி மகன் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். சொந்த ஊரில்தான் அடக்கம். வீட்டு வாசலில் நாங்கள் கொஞ்சம்பேர்தான் நின்றிருந்தோம். அத்தைக்கு இங்கே நெருக்கமானவர்கள் யார் என்று அவர் கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, "நான்தான்னு நெனக்கிறேன்" என்றேன். அவர் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார்.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியது. முன்னால் பெரிய கிரானைட் பாறை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்த வழியில்லாமல் வேனும் அதன் பின்னாலேயே மெல்லப் போனது. அதனால் வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது.

போய்வாருங்கள் மேடம்.