கயிறு பிடித்தவள்

எங்கள் மனோர் பார்க் வீட்டு நடைவழியில், மேலங்கிகள் கொழுவும் கொளுக்கிகளில் கடைசியானதில், ஊதா நிறத் துணிப்பை ஒன்று தொங்குகிறது. இரண்டு உள்ளங்கைகளைக் குவித்து வைத்த அளவுதான் இருக்கும். வாயில் சுருக்குக் கயிறு. உள்ளே வெண்ணிறப் பொடி. பாறை ஏறுகிறவர்கள் கை வியர்த்து வழுக்காதிருக்கப் பூசிக்கொள்ளும் பொடி அது. சில ஆண்டுகளுக்கு முன், என் மாமியார் அதைக் கோவிலிலிருந்து வந்த திருநீறு என்று நினைத்து, நெற்றி நிறையப் பூசி, கண்மூடி "முருகா" என்று நின்றார். "ஒரு வாசமும் இல்லாத விபூதி" என்று பிறகு குறையும் சொன்னார். பையின் சொந்தக்காரியான அவருடைய மகள், என் கணவரின் தங்கை, சிரிப்பை அடக்க மாட்டாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஆனால் கால்களை ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு, அளவாக. என் சிரிப்பு அப்படி அளவுபட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் காரணத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றே அழைப்போம். யாழ்ப்பாணத்து உறவுமுறை அது: அண்ணன் மனைவியும் மச்சாள், கணவனின் தங்கையும் மச்சாள். ஒரே சொல் இரண்டு முனைகளிலும் கட்டப்பட்டிருக்கும். வயதில் மட்டும் பதினைந்து ஆண்டு வித்தியாசம். நான் இருபத்தாறு வயதில் மணப்பெண்ணாக லண்டனில் வந்திறங்கியபோது அவள் பதினொரு வயதுப் பள்ளிச் சிறுமி. பிளேஸ்டோவில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்த வீட்டில், எந்த பஸ் எங்கே போகும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். நான் ஊரில் ஆங்கில நாவல்களை அகராதி இல்லாமல் வாசித்தவள். ஆனால் இந்த நகரத்தின் வாயிலிருந்து வரும் ஆங்கிலம் என் காதுக்குள் நுழையவே மறுத்தது. அவள் எனக்கும் நகரத்துக்கும் நடுவே நின்று, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக மொழிபெயர்ப்பாள்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயதில் மகள் பிறந்தாள். முதல் சில வாரங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு அரைத்துக் கறி வைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தேன். ஒரு நாள் பகலில், பிள்ளை பிறந்த வீடுகளுக்கு வரும் ஹெல்த் விசிட்டர் எங்கள் சமையலறை மேசையில் அமர்ந்து, கையிலிருந்த படிவத்தைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார். தூக்கம், பால், தையல் போட்ட இடம். பிறகு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனம் சோர்ந்து 'லோ'வாக உணர்கிறீர்களா என்றார். நான் தேநீரை வடித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஆங்கிலத்தில் ஆம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் "ஓம்" என்றாள். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் விளங்கிவிட்டது. கதிரையை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நான் கொடுத்த தேநீர் ஆறிப்போகும் வரை, அதற்குப் பிறகும் நெடுநேரம், அவள் கையைப் பிடித்தபடி இருந்தார்.

அந்த வேளையில் எனக்கு ஏற்பட்டது இரக்கம் என்று எழுதவே விரும்புகிறேன். அது இரக்கம் இல்லை. வடிகட்டியைக் கழுவும் சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் தொண்டைக்குள் ஏதோ எரிந்தது. எங்கள் பேச்சில் பொறாமைக்கு எரிச்சல் என்றுதான் சொல்வோம். எவ்வளவு சரியான சொல்!

ஏனென்றால் அதே கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டிருந்தார். பிளேஸ்டோ வீட்டில், என் மூத்தவள் பிறந்து ஆறாவது வாரம். வந்த பெண்மணி வேகமாகப் பேசினார். என் கணவர் மொழிபெயர்த்தார். "லோவா இருக்கோ எண்டு கேக்கிறா. பிரஷர் குறைவோ எண்டாக்கும்" என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சொல்லுக்கு அவருக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். "பிரஷர் சரியா இருக்கெண்டு சொல்லுங்கோ" என்றேன் நான். படிவத்தில் ஒரு சரி விழுந்தது. அந்த நாட்களில் நான் பிள்ளை அழும்போது படிக்கட்டில் போய் அமர்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். அழுகை நிற்கும் வரை அல்ல, என் கைகள் மரத்துப்போகும் வரை. பிள்ளையை நான் வெறுக்கவில்லை. அவளை எடுக்க எழும்ப என் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அது பல மாதங்கள் நீடித்தது. பிறகு தானாகவே தேய்ந்தது. அல்லது நான் அதற்குப் பழகினேன்.

பழகிக்கொள்வதில் நான் தேர்ந்தவள். மச்சாள் அப்படியல்ல. ஒருநாள் மாமியின் முன்னிலையில், உரித்துக்கொண்டிருந்த உள்ளிப் பூண்டைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா, இருமினா எனக்குச் சலம் போகுது" என்றாள்.

"பிள்ளை பெத்தா அப்பிடித்தான். பிறகு பழகிப்போம்" என்றார் மாமி.

"பழக மாட்டன். சரிப்பண்ணப் போறன்."

சொன்னதைச் செய்தாள். இடுப்படித் தசைகளுக்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. சிரிக்கும்போதும் தும்மும்போதும் பஸ்ஸுக்கு ஓடும்போதும் இருபது ஆண்டுகளாக நான் கால்களை இறுக்கி மறைத்து வந்த சிறுநீர்க் கசிவுக்கு ஒரு பெயர் இருந்தது, பயிற்சி இருந்தது, அதைச் சாதாரணமாகப் பேசும் ஒரு அறை இருந்தது. அவள் அந்த அறைக்குள் கைவீசி நடந்து போனாள். நான் அவளுடைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தேன்.

பிசியோ சம்மதித்த பிறகுதான் சுவரேறத் தொடங்கினாள். தாய்மாருக்கென்று வியாழன் காலைகளில் ஒரு குழு கூடுகிறது என்று ஹெல்த் விசிட்டர் சொல்லியிருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போவேன். கிழக்கு லண்டனில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. உள்ளே மூன்று மாடி உயரச் சுவர்கள். சுவரெங்கும் பல நிறங்களில் திருகிப் பூட்டிய பிடிகள். ஓரத்து மெத்தைகளில் குழந்தைகள் தவழும். தாய்மார் முறைவைத்து ஏறுவார்கள். இறங்கியதும் வட்டமாக அமர்ந்து, எதற்கு அழுதோம், எதற்குப் பயந்தோம் என்று ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே பேசுவார்கள். வீடு திரும்பும்போது அவள் தோள்கள் விரிந்திருக்கும். அவள் கட்டிப்பிடித்ததில் என் கறுப்பு மேலங்கியில் பதிந்த வெள்ளைக் கைத்தடங்களை நான் தூரிகையால் தேய்த்துத் துடைப்பேன், தேவைக்கு மேலாகவே. கோவில் மண்டபத்தில் ஒரு தெரிந்தவரிடம், "பிள்ளையை விட்டிட்டுச் சுவரில தொங்குறா" என்று சொல்லியிருக்கிறேன். அவள் மேலே இருக்கும்போது பிள்ளை அழுதால், என் மனத்தின் மூலையில் ஒரு சிறிய திருப்தி தலைகாட்டும். அதையும் இங்கே எழுதிவிடுவதுதான் நேர்மை.

அவளோடு கயிறு பிடிக்கும் பெண் ஒருநாள் வரவில்லை. "மச்சாள், நீங்கள் பிடியுங்கோவன்" என்றாள். ஏறுபவரின் இடுப்பிலிருந்து போகும் கயிறு உச்சியிலுள்ள வளையத்தைச் சுற்றிக் கீழே இறங்கி, நிற்பவரின் இடுப்பிலுள்ள ஒரு கருவிக்குள் வந்து முடியும். அவர் ஏற ஏற இவர் தொய்வை இழுக்க வேண்டும். அவர் கேட்டால் தளர்த்த வேண்டும். விழுந்தால் தாங்க வேண்டும். இரண்டு வாரம் பழகி, சோதனையில் தேறினேன். பயிற்றுநர் பெண் என் பொறுமையைப் பாராட்டினார். என் பொறுமையை எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். பொறுக்காமல் போவதற்குத்தான் தமிழில் பொறாமை என்று பெயர் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

கூடத்தில் எல்லாத் திசைகளிலும் ஒரே ஆங்கிலக் கட்டளைகள் எதிரொலிக்கும். பக்கத்துச் சுவரில் யாரோ கேட்டதற்கு நான் இங்கே கயிற்றை இழுத்துவிடுவேன். அதனால் மச்சாள் இரண்டு தமிழ்ச் சொற்களைத் தேர்ந்தாள். கயிற்றை இழுக்க 'இறுக்குங்கோ', தளர்த்த 'விடுங்கோ'. அவ்வளவு பெரிய கூடத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் புரியும் மொழி. அந்த ஒன்றை நான் உண்மையிலேயே விரும்பினேன்.

பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு வியாழன் காலை, எலிசபெத் லைன் ரயிலில் அவள் தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிசியோவின் கடிதம். "எல்லாம் சரியாம் மச்சாள். இனித் துள்ளலாம்!" என்று அந்தப் பெட்டிக்குள்ளேயே துள்ளிக் காட்டினாள். "நல்லது" என்றேன். பிள்ளையின் வாயை, துடைக்க ஒன்றும் இல்லாதபோதும், துடைத்தேன்.

அன்று அவள் ஏறியது மஞ்சள் பிடிகளின் வழி. பல வாரங்களாக அவளைத் தோற்கடித்த வழி. முக்கால் உயரத்தில், இடது கை பிடியில், வலது கை காற்றில், அசையாமல் நின்றாள்.

"இன்னும் ஒண்டுதான். எட்டிப் பிடியும்!" என்றேன்.

"ஏலாது மச்சாள். கை விறைக்குது."

"எல்லாம் எட்டின ஆள்தானே நீர்! உமக்கு ஏலாதது என்ன கிடக்கு?"

"விடுங்கோ மச்சாள்!"

நான் கயிற்றை விட்டேன். இரண்டு முழம். அடுத்த கணம் அவள் கை வழுக்கி, அந்தத் தொய்வின் முழு நீளத்துக்கும் விழுந்தாள். முழங்கால் சுவரில் மோதியது. கருவி கயிற்றைப் பற்றியது. அவள் விழுந்த வேகம் என்னையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கியது. இருவரும் ஒரே கயிற்றின் இரு முனைகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தொங்கினோம். அவளை மெல்ல இறக்கினேன். பயிற்றுநர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, தன் பிழை என்று ஆங்கிலத்தில் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள்.

முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு மெத்தை ஓரத்தில் அமர்ந்தோம். அவளுடைய பிள்ளை என் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. 'விடுங்கோ' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பொருள்: கயிற்றைத் தளர்த்து, அல்லது, போதும், அந்தப் பேச்சை நிறுத்து. அவள் சொன்னது எது என்று அவளுடைய குரலிலேயே இருந்தது. என் காதுக்கு இரண்டும் கேட்டன. என் கை ஒன்றைத் தேர்ந்தது.

"நீர் எந்த விடுங்கோவைச் சொன்னனீர் எண்டு எனக்கு விளங்கினது" என்றேன். "விளங்கின பிறகுதான் விட்டனான் போல கிடக்கு. எனக்கு உம்மில எரிச்சல், மச்சாள். கன நாளா."

அவள் ஐஸ் பையை இடம் மாற்றி வைத்தாள். "நல்ல காலம், அந்த இரும்புச் சாமானுக்கு என்னில எரிச்சல் இல்லை" என்றாள். பிறகு, சிரிக்காமல், "எதுக்கு எரிச்சல்?" என்றாள்.

உடம்பு என்று சொல்லியிருக்கலாம். வயது என்று சொல்லியிருக்கலாம். "அண்டைக்கு அந்த மனுசி கேக்க, நீர் ஓம் எண்டனீர். அந்த ஓமுக்கு" என்றேன். பிறகு பிளேஸ்டோ வீட்டையும், பிரஷர் என்று போன கேள்வியையும், படிக்கட்டையும் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். படிக்கட்டு வந்ததும் அவள் என்னைத் தடுத்தாள்.

"தெரியும்" என்றாள். "நான் பள்ளிக்கூடத்தால வந்து கதவைத் திறக்கேக்க நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு படியில இருப்பியள். நான் உங்களைத் தாண்டித்தான் மேல போய்ப் பிள்ளையைத் தூக்கிறனான். நான் வந்தது கூட உங்களுக்குத் தெரியாது. பன்ரண்டு வயசில ஆரிட்டைச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை, மச்சாள். அண்டைக்குக் குசினியில அவ கேக்க உங்களைத் திரும்பிப் பாத்தன். அதாலதான் ஓம் எண்டனான்."

இருபது ஆண்டுகளாக, அழுகை தானாக நின்றது என்றே நான் நம்பியிருந்தேன். அது நின்றது ஒரு சிறுமி புத்தகப் பையோடு என்னைக் கடந்து படியேறியதால். நான் பொறாமைப்பட்ட அந்த ஒற்றைச் சொல், என் படிக்கட்டிலிருந்துதான் எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி எதுவும் உடனே வந்துவிடவில்லை. சிறிது நேரம், அவளுக்கு அது உதவியதே என்ற மகிழ்ச்சியும், எனக்கு உதவவில்லையே என்ற எரிச்சலும் அருகருகே இருந்தன. அவள் எழுந்து நொண்டிக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ, பிசியோவுக்கு உங்கட பேரைக் குடுப்பம். நீங்கள் சிரிக்கேக்க காலை இறுக்கிறதும் எனக்குத் தெரியும்."

இப்போது அவள் லண்டனில் இல்லை. கணவரின் வேலை மாற்றத்தோடு வடக்கே, உண்மையான பாறைகள் இருக்கும் ஒரு ஊருக்குப் போய்விட்டாள். புறப்பட்ட அன்று இந்தப் பையைக் கொளுக்கியில் கொழுவி, "உங்களுக்கு" என்றாள். வியாழன் காலைகளில் நான் இன்னும் அந்தக் கூடத்துக்குப் போகிறேன். முன்பின் தெரியாத தாய்மாருக்குக் கயிறு பிடிக்கிறேன். பாதிச் சுவர் வரை இரண்டு முறை ஏறியும் இருக்கிறேன். கயிறு பிடிப்பவளுக்குப் பொடி தேவையில்லை. ஆனாலும் வீட்டைவிட்டு இறங்குமுன் பைக்குள் விரல்களை விட்டு எடுப்பது வழக்கமாகிவிட்டது. சத்தமாகவே சிரிக்கிறேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

இன்று காலை, விரல்கள் பைக்குள் இருந்தபோது, அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. சாம்பல் நிறப் பாறையில் அவள் பல்லியைப் போல ஒட்டியிருக்கிறாள். படத்தின் அடியில், பாதி வெட்டுப்பட்டு, சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு பெண் அண்ணாந்து நின்று அவளுக்குக் கயிறு பிடிக்கிறாள். பாறையை நான் பார்க்கவில்லை. அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பிக்காரிக்கு மச்சாள் எந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்திருப்பாள்? விடுங்கோ என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கும்? "கயிறு பிடிக்கிறது ஆர்?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "எரிச்சலோ மச்சாள்?"

தொலைபேசிக் கண்ணாடியில் என் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதைத் துடைக்காமல், "ஓம்" என்று எழுதினேன்.