ஆமைக்கு அர்த்தம் எழுதிய வேலை

1. முதல் நாள்

பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், கடலோர ஊரான அக்காள்மடத்தின் மெயின் ரோட்டில் ஒரு கைவினைப் பொருள் கடையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி ஒரு பாசிமணி மாலையை என் முன் போட்டார். பதக்கத்தில் ஆமை. ஏதோ ஓர் அமெரிக்கப் பழங்குடியின் டிசைன். போனில் பார்த்து எடுத்தது.

"சார், நீங்க எம்.ஏ. இங்கிலீஷ். இந்த ஆமைக்கு ஒரு அர்த்தம் எழுதிக் குடுங்க. பழங்குடி அர்த்தமா இருக்கணும்."

"எந்தப் பழங்குடி?"

"எதுவா இருந்தா என்ன சார்? வாங்க வாரவன் ஆமைகிட்ட ஆதார் கார்டா கேக்கப் போறான்?"

நியாயம்தான். உலகைச் சுமக்கும் கடல்தாய் என்று எழுதினேன். அது டேக்கில் அச்சாகி மாலையில் தொங்கியதும் விலை ஏறியது. வாசலில் பாசிமணி கோர்த்து விற்றுக்கொண்டிருந்த நரிக்குறவர் குடும்பம் எங்கள் பழங்குடிக் கலைக்கு இடைஞ்சல் என்று வாட்ச்மேன் விரட்டினார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

2. பத்தும் ஒன்றும்

மாலை கோர்த்தவர்கள் மீனவக் குடும்பத்துப் பெண்கள். அவர்களில் ஜெசிந்தாவுக்குக் கை வேகம். மாதா கோவில் திருவிழாக் கடைகளுக்கு ஜெபமாலை கோர்த்துப் பழகியவள். அவள் புருஷன் போன படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அவர் இலங்கைச் சிறையில் இருந்தார். வீட்டில் அவள் கூலி ஒன்றுதான் வரவு.

ஒருநாள் புது மாலைகளைக் கொண்டுவந்தாள். பத்து மணி, சின்ன இடைவெளி, தனியாக ஒரு மணி, மறுபடி பத்து.

"சார், கைப்பழக்கத்துல செபமாலை மாதிரியே கோத்துப்புட்டேன். எல்லாத்துலயும் இப்படித்தான் விழுந்திருக்கு. அவுத்து மாத்திரவா?"

அவிழ்த்தால் வேலை தாமதமாகும். "வேண்டாம்மா, அதுக்கும் ஒரு அர்த்தம் எழுதிடறேன்" என்றேன். பத்து மணி, கருவில் கழியும் பத்துத் திங்கள். தனி மணி, பிறக்கும் உயிர். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஜெசிந்தா டேக்கைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டாள். "மாதாவே! நல்லாத்தான் புளுகுறீக சார்."

3. சென்னைப் பார்ட்டி

எக்ஸ்போர்ட் ஆர்டர் கொடுக்கச் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். டேக்கைப் படித்தார். மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது ஜெபமாலைங்க. எங்க வீட்ல தினம் சாயங்காலம் இதைத்தான் சொல்றோம். எந்தப் பழங்குடி இது?"

"என்ன சார் இது?" முதலாளி என் பக்கம் திரும்பினார்.

ஜெசிந்தா எதிரிலேயே உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "அந்தப் பொண்ணு தப்பாக் கோத்துடுச்சு. நான் கவனிக்கலை."

"நாளைலேருந்து நீ வராதம்மா" என்றார் முதலாளி.

"சார், நான் அவுக்கவான்னு கேட்டனே?"

என்னிடம்தான் கேட்டாள். நான் மும்முரமாக டேக் அடுக்கினேன். அடுக்கும் அளவுக்கு அங்கே டேக் இல்லை.

அவள் போனபின் சென்னை அம்மா சொன்னார்: "ஆமையை எடுத்துட்டுச் சிலுவை வைங்க. புதுநன்மைப் பிள்ளைகளுக்கு, அதான் சர்ச்ல முதல்முதலா நற்கருணை வாங்குற பசங்களுக்கு, நல்லாப் போகும். இதே கோர்ப்புதான் வேணும்."

பெரிய ஆர்டர். அந்தக் கோர்ப்பை வேகமாகக் கோர்க்கத்தான் வேறு ஆள் இல்லை. "அந்தப் பிள்ளையக் கூட்டியாங்க சார்" என்றார் முதலாளி.

4. இறால் கம்பெனி

ஜெசிந்தா அப்போது இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களோடு கம்பெனி வாசலுக்கு வந்தாள்.

"வாரேன் சார். நான் அவுக்கவான்னு கேட்டதையும், நீங்க வேணாம்னதையும் முதலாளி முன்னால ஒரு வாட்டி சொல்லிருங்க. அது போதும்."

"நடந்தது நடந்துபோச்சும்மா. கூலியக் கூட்டித் தரச் சொல்றேன்."

"அப்ப நீங்களே கோத்துக்கோங்க சார். பத்து, அப்புறம் ஒண்ணு. அர்த்தம்தான் உங்களுக்குத் தெரியுமே" என்று உள்ளே போய்விட்டாள்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'மாற்றிவிடவா' என்று உங்களிடம் ஒருவர் கேட்டால், நீங்கள் சொல்லும் பதில் உங்களுடையது. கெட்டுப்போனால் அதைக் கேட்டவர் தலையில் கட்டாதீர்கள்.

முதலாளி இப்போது உயிரோடு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஜெசிந்தா கேட்டாள். வேண்டாம் என்றது நான்.