பின்புறம் தாழ்ந்த வண்டி

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு காரின் பின்புறம் தாழ்ந்து போனதற்காக ஒருவனைக் கடத்தல்காரன் என்று ஊர் பேசினால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவன் எவன் என்று எனக்குக் காட்டுங்கள். பேச்சு வாங்கியவன் நான். கார் என்னுடையதுகூட இல்லை.

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கடை முதலாளிக்கு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை, சோப்பு என்று சகலமும் கொடுப்பவர் அவர். சாமான் லாரியில் போகும். காரில் முதலாளி போவார், ஏஜெண்ட் ஆபீஸ் ஆட்கள் போவார்கள், சில நாள் கரையிறங்கிய கப்பல்காரர்களும் வருவார்கள். ஊருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே உப்பளம். மழை பெய்தால் ரோட்டில் உப்புத் தண்ணீர், வெயில் அடித்தால் உப்புக் காற்று. அந்த ரோட்டில்தான் என் பிழைப்பு.

அந்த வருஷம் காரின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் ஓய்ந்துவிட்டன. வில் மாதிரி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த இரும்புப் பட்டைகள்தான் வண்டியின் பின்பாரத்தைத் தாங்குபவை. எங்கள் வண்டியில் ஒரு பட்டை வெடித்து, மற்றவை வளைவே இல்லாமல் நேராகிவிட்டன. முதலாளியை நச்சரித்து நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மெக்கானிக் இரண்டு பக்கமும் புதுச் செட் போட்டார். பட்டறையை விட்டு வெளியே வந்தபோது வண்டி ஜம்மென்று நின்றது. முதலாளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஒரு வாரம் தாங்கவில்லை. காலையில் கழுவலாம் என்று போனால் பின்புறம் அமுங்கிக் கிடக்கிறது. பழைய பட்டை இருந்தபோது இருந்ததைவிடத் தாழ்வு. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் கை நுழையவில்லை. இடப்பக்கம் இன்னும் மோசம். டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னியும் ஜாக்கியும் தவிர உள்ளே ஒரு துரும்பு இல்லை. வெறும் வண்டி, மூட்டை ஏற்றிய வண்டியாக நிற்கிறது.

மற்ற ஊராக இருந்தால் இதை ரிப்பேர் என்பார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. அப்போது கடற்கரையோரம் சிலோன் கிராம்பும் டேப் ரிக்கார்டரும் களவாக இறங்கிக்கொண்டிருந்த காலம். ரோட்டில் சோதனைக்கு நிற்பவர்கள் வண்டியின் நம்பரைப் பார்ப்பதற்கு முன்னால் பின்புறத்தைப் பார்ப்பார்கள். தாழ்ந்து வருகிற காருக்குக் கை நீளும். எனக்கும் நீண்டது. சீட்டைத் தூக்கிப் போட்டார்கள், டிக்கித் தரையைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, போ என்றார்கள். மறுநாளும் அதே கதை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் வேலை அது. சைக்கிளில் போனவன், மீன் கூடைக்காரி, லாரி டிரைவர் என்று அத்தனை பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்களே, அவர்கள்மேல்தான். அவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவனாவது வந்து, வண்டிக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டானா? எல்லோரும் தெரிந்ததுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

முதலாளியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஒரு நாள் கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, உள்ளதச் சொல்லு. நான் இல்லாத நேரத்துல வண்டியில என்னத்த ஏத்துத?”

எட்டு வருஷம் அவரிடம் உழைத்தவன் நான். அவர் மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்தக் காரில்தான். ஒன்றும் ஏற்றவில்லை அண்ணாச்சி, ஸ்பிரிங்கில் ஏதோ கோளாறு என்றேன். புதுப் பட்டையில் என்ன கோளாறு, நீதானே போடச் சொன்னாய் என்றார். கடையில் சாமான் கட்டுகிறவன் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் சிரித்த சிரிப்பு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பேச்சு அதோடு நின்றிருந்தால்கூட வேறு வேலை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அப்போதுதான் என் தங்கைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து ஒரு வரன் கூடி வந்திருந்தது. அப்பா போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மில்லில் வேலை, நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்த்தாகிவிட்டது, பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பெண்ணின் அண்ணனோ அப்பாவோ வேலை பார்க்கிற இடத்துக்குப் போய், ஆள் எப்படி என்று சும்மா கேட்டுவிட்டு வருவார். மாப்பிள்ளையின் தாய்மாமா அப்படித்தான் எங்கள் கடைக்கு வந்தார். நான் அப்போது வண்டியோடு வெளியே போயிருந்தேன்.

முதலாளி அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாராம். பையன் நல்லவன்தான் என்று ஆரம்பித்து, வண்டி மட்டும் கொஞ்ச நாளாய்ப் பின்னால் தாழ்ந்து போகிறது, என்ன ஏற்றுகிறான் என்று எனக்கே தெரியவில்லை என்று முடித்தாராம். எப்படிப்பட்ட மனுஷன் பாருங்கள். என்னைத் திட்டியிருந்தால்கூட வந்தவர் நம்பியிருக்க மாட்டார்.

நாலாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து ஆள் வந்து, கொஞ்சம் ஆறப்போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறப்போடுவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வண்டி ஏன் தாழ்ந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் என்னைப் பற்றி முதலாளி சொன்னதுதான் ஊருக்கு நிஜம்.

மெக்கானிக்கிடம் போனேன். புதுப் பட்டை கொஞ்சம் படியத்தான் செய்யும் என்றார். இவ்வளவா படியும் என்றேன். பாரம் ஏற்றினால் படியும் என்று அவரும் அதே பாட்டைப் பாடினார். வந்த கோபத்தில் பட்டறையில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவர் முன்னால் போட்டு, கழற்றும் என்றேன். கழற்றும்வரை நகரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தேன். அவருக்கும் கோபம். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே வளைவு. மெக்கானிக்கிடம் அதே செட்டில் இன்னொரு ஜோடி கட்டுப் பிரிக்காமல் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்தார். அதுவும் அதே வளைவு. ஒரு பட்டைகூடப் படியவில்லை. நான் பாரம் ஏற்றியிருந்தால் இந்நேரம் இது இறங்கியிருக்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த மனுஷன் மெக்கானிக்காக யோசிக்க ஆரம்பித்தார்.

பட்டைகளைத் திரும்பப் பூட்டினோம். ஸ்டாண்டிலிருந்து எனக்குத் தெரிந்த டாக்ஸி ஒன்றைக் கொண்டுவந்து, சமதளத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். அதுவும் அம்பாசடர்தான். டயர் ஒரே அளவு, காற்று ஒரே அளவு. இரண்டுக்கும் அடியில் மாறி மாறிப் படுத்துப் பார்த்தோம். பட்டையின் பின்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கிற சின்ன இரும்புத் துண்டு ஒன்று டிக்கிக்கு நேர் கீழே இருக்கும். டாக்ஸியில் அது டிக்கித் தரைக்கு நன்றாகக் கீழே தொங்கியது. எங்கள் வண்டியில் பாதி மேலே ஏறிப் புதைந்து கிடந்தது. எங்கே புதைந்திருக்கிறது என்று பார்க்க முடியவில்லை. ஏனென்றால் எல்லாம் தார்.

தார் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு ஒரு வள்ளத்தில் பங்கு உண்டு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வள்ளத்துக்குத் தார் பூசுவார்கள். அப்படியே காரையும் கடற்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லி, பலகை வைத்து ஏற்றி, அதே ஆட்களை விட்டு அடிப்பாகம் முழுக்கத் தாரைக் காய்ச்சி அடிக்கச் சொல்வார். உப்புக் காற்றுக்கு இதைவிட்டால் மருந்து கிடையாது என்பார். ஊரில் பலபேர் அப்படித்தான் செய்தார்கள். கழுவி, துடைத்து, காயவைத்து அடித்தால் சரி. அப்படி யார் செய்தார்கள்? உப்பளச் சேறு ஒட்டியது ஒட்டியபடியே, ஈரம் காயாமலே, வருஷத்துக்கு ஒரு பூச்சு.

மெக்கானிக் சுத்தியலால் தட்டினார். இரும்புச் சத்தம் வரவில்லை, மண்சுவரைத் தட்டியதுபோல் இருந்தது. உளியை வைத்து ஒரு போடு போட்டார். தார் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதோடு இரும்பும் அப்பளமாக நொறுங்கி வந்தது. உள்ளே ஈரம். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. தார் வெளிக்காற்றை உள்ளே விடவில்லை, சரிதான். உள்ளே இருந்த உப்பையும் வெளியே விடவில்லை. அது உட்கார்ந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

பழைய பட்டை ஓய்ந்து தொய்ந்து கிடந்ததால், இற்றுப்போன இரும்பும் எப்படியோ பிடித்துக்கொண்டிருந்தது. புதுப் பட்டைக்கு விறைப்பு அதிகம். ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலே குத்தியிருக்கிறது. தாங்க வேண்டிய இரும்பு தாங்காமல், பட்டை முனை உடலுக்குள்ளேயே ஏறிவிட்டது. ஆக, பட்டை இறங்கவில்லை. வண்டிதான் பட்டைமேல் இறங்கியிருக்கிறது. டிக்கியில் விரித்திருந்த ரப்பர் பாயைக் கிழித்துத் தூக்கினேன். இடப்பக்கம் தரை கொழுக்கட்டையாகப் புடைத்திருந்தது. இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தால் பாலத்தில் போகும்போது அறுந்திருக்கும் என்றார் மெக்கானிக். அப்போது உள்ளே நான்தான் இருந்திருப்பேன்.

ஆளை அனுப்பி முதலாளியை வரவழைத்தேன். புதுக்கோட்டைக்கு நானே போய் மாப்பிள்ளையின் தாய்மாமாவை, நீங்கள் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கையோடு கூட்டி வந்தேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“தாரு இன்னும் கொஞ்சம் கனமா அடிச்சிருக்கணும்” என்றார்.

அந்த இடத்திலேயே சாவியை அவர் சட்டைப்பையில் போட்டேன். என்னைச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். அவர் மெக்கானிக்கிடம், இதை ஒட்டுப் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருஷம். தூ.

தாய்மாமா அப்படி இல்லை, தீர விசாரிக்கிற ஆள். துண்டை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். டார்ச்சு கேட்டார். பெயர்ந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தார், துருவை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார், டாக்ஸிக்கு அடியிலும் போய்ப் பார்த்தார். வெளியே வந்து முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். மாப்பிள்ளைக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, நாங்கள்தான் பயந்தோம், இப்போது மனசு தெளிந்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை பூ வைத்துவிடலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். தங்கை இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நான் உப்பைச் சொன்னேன், தாரைச் சொன்னேன், தாய்மாமா படுத்துப் பார்த்ததைச் சொன்னேன், கடைசியில் வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அவ்வளவு நாளும் வாயைத் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தாள்.

“வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டுத்தான் என் கழுத்துல தாலி கெட்டுவாகளாக்கும். நான் வேணாம்ணே. அந்த வண்டியவே கெட்டிக்கிடச் சொல்லு.”

ஏளா, ஊர் என்ன சொல்லும் என்று கத்தினேன். ஊர் சொன்னதைத்தானே நாம இத்தனை நாளும் கேட்டோம் என்றாள். அம்மா அழுதாள், நான் தட்டைத் தூக்கி எறிந்தேன், அவள் எறிந்த தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு மறுநாள் பாடத்துக்குத் தாள் வெட்ட உட்கார்ந்தாள். அன்றிரவு முழுக்க அவள்மேல் கோபம். விடிந்ததும் யோசித்துப் பார்த்தேன். நான் படுத்துக் கிடந்து நிரூபித்தது யாருக்காக என்று எனக்கே விளங்கவில்லை.

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். தாய்மாமா வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.