முப்பத்தொன்றாம் தேதிப் பிள்ளை

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் மேனுகா அளவுக்குப் பயப்பட இன்னொருத்தி கிடையாது; அவள் பயந்தால் எம்ஆர்டி ரயிலே நடுவழியில் நின்றுவிடும். சரி, ரயில் நிற்பது நான் கூட்டிச் சொன்னது. அன்று பள்ளித் திடலில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஆடியது மட்டும் மெய்.

கூடைப்பந்து மாதிரி உயரத்தில் பந்து போடும் நெட்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மகள் மயூராவைப் போன வருஷமே கழித்துவிட்டார்கள். இந்தத் தடவையும் இல்லையென்றால் இனிப் பந்தையே தொடமாட்டேன் என்று பிள்ளை காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் மேனுகாவுக்குக் கூடுதல் பயம்.

மயூரா பிறந்தது டிசம்பர் முப்பத்தொன்று. இங்கே பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிப்பார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பிறந்தவளுகள், கிட்டத்தட்ட ஒரு வருஷச் சோறு கூடுதலாகத் தின்றவளுகள், பாக்குமரம் மாதிரி நின்றார்கள். மயூரா அவர்கள் தோளுக்குத்தான் இருந்தாள்.

டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்தது என்னவோ ஜனவரி இரண்டுதான். அந்தத் தேதியில் பிறந்திருந்தால் அடுத்த பிரிவில் மயூராதான் மூத்தவள், பாக்குமரமும் அவள்தான். ஆனால் அன்று ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, வரன் அமையாது என்று பேச்சு. முதல் தேதி விடுமுறை; இரண்டுக்கு மேல் தள்ள டாக்டர் சம்மதிக்கவில்லை. ஆகவே டிசம்பர் முப்பத்தொன்று, புனர்பூசம்.

ஆட்டம் தொடங்கியது. மயூரா மற்றவர்களின் கைகளுக்கு அடியில் புகுந்து பந்தைப் பறித்தாள். எறியும்போதெல்லாம் நெட்டைக் கை ஒன்று மேலே வந்து மறித்தது. ஒவ்வொரு தடவையும் மேனுகா கண்ணை மூடிக்கொண்டாள்.

பயிற்சியாளர் சந்திரமதி பெயர்களைச் சொல்லி முடித்தார். மயூரா பெயர் வரவில்லை.

"நல்லா ஓடுறா. அடுத்த வருஷம் வளர்ந்துட்டு வரட்டும், பாப்போம்."

"அவங்களும் வளருவாங்களே, டீச்சர்," என்றாள் மயூரா.

பெஞ்சுக்கு வந்தவள் காலணியைக் கழற்றினாள். "நான் ஏம்மா கடைசியில பொறந்தேன்? ரெண்டு நாள் வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

பதினோரு வருஷமாக மேனுகா பயந்துகொண்டிருந்த கேள்வி. "உங்க பாட்டிதான் சோசியர்கிட்ட போயி..."

பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டிருந்த கணவன் யதீசன் நிமிர்ந்தான்.

"எங்கம்மா போனாங்க. ஆனா 'ஆயில்யம்னா இருந்துட்டுப் போகட்டும் லா'ன்னுதான் சொன்னாங்க. பயந்துபோயி தேதிய மாத்தச் சொன்னது நீ, மேனுகா."