மனோ அக்கா வீட்டு லாண்டரி

மனோ அக்காவின் மகள் வாணி தொலைபேசியில் கூப்பிட்டபோது அடுப்பில் காபிக்குப் பால் வைத்திருந்தேன். “அன்ரி, அம்மா விடியக்காலமை நித்திரையிலேயே போயிட்டா” என்றாள். அதன் பிறகு ஆங்கிலத்துக்கு மாறி நிறைய சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அழுகை உடனே வரவில்லை. மனோ அக்காவின் முகம்கூட நினைவில் எழவில்லை. அவர் வீட்டு லாண்டரிதான் கண்முன் வந்து நின்றது.

கிளென் வேவர்லியில் அந்த வீட்டுக்குப் போயிருக்கும், இங்குள்ள தமிழர்களான நீங்கள் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் ஹாலைத் தாண்டி, குசினி என்று அவர் சொல்லும் சமையலறையைத் தாண்டி, துணி துவைக்கும் அறைக்குத்தான் அழைத்துப் போவார். வாஷிங் மெஷின் மூடிமேல் தேநீர் வைப்பார். யாராவது தயங்கினால், “வெயில் இருக்கிற இடம்தான் ஹோல், வாருங்கோ” என்பார். அதற்குப் பின்னால் இருந்த கதையில் பாதி உங்களில் பலருக்குத் தெரியும். மறுபாதியை வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அவர் கணவர் சிவா அண்ணன் இருக்கும்வரை. அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. இப்போது அக்காவும் இல்லை. இனிச் சொல்லலாம்.

நாங்கள் முதலில் பேசிக்கொண்டது கிளேட்டன் ரயில் நிலையத்தில். எழுபத்து நான்கு டிசம்பர், இங்கிலாந்தை விட்டு இந்தத் தென்கண்டத்துக்கு வந்த புதிது. தார் இளகி செருப்பில் ஒட்டுகிற வெயில். எதிர்ப் பக்கம் புடவை கட்டிய ஒரு பெண், கையில் கனத்த கம்பளிக் கோட்டோடு நின்றார். என் கையிலும் ஒரு கோட்டு, போதாததற்குக் குடை வேறு. இங்கிலாந்தில் வருடக்கணக்கில் இருந்தவர்கள் கோட்டு இல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம்; மூளைக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியாது. அவர் என் கோட்டைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“நீர் எந்த ஊர்?” என்று கேட்டார்.

“திருநெல்வேலிங்க.”

“அதைக் கேக்கேல்ல. இங்கிலாந்தில எந்த ஊர்?”

“ஷெஃபீல்டு.”

“நாங்கள் லீட்ஸ். அப்ப பக்கத்து ஊர்க்காரர்தானே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரரும் திருநெல்வேலிக்காரியும், அந்த இரண்டு ஊரும் இருக்கும் யார்க்ஷயர் வழியாக உறவுக்காரர்கள் ஆனது அப்படித்தான். எங்கள் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டுப் பால்காரர் எங்களையும் ‘பொம்’ என்பார். இங்கிலாந்திலிருந்து வருகிற வெள்ளைக்காரர்களுக்கு இங்கே வைத்திருந்த கேலிப் பெயர் அது. மனோ அக்காவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். “பதினொரு வருஷம் அங்க இருந்தும் ஒருத்தரும் என்னை இங்கிலீஷ்காரி எண்டு சொல்லேல்ல. இஞ்ச வந்து ஒரு கிழமையில சொல்லிப்போட்டாங்கள்” என்பார்.

அந்த முதல் வருடத்தை இப்போது நினைத்தால் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடந்ததுபோல இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று கடற்கரையில் வெறுங்காலோடு நின்றோம். இலை உதிர்கிற மாதத்தில் பங்குனி உத்திரம் வந்தது. ஊர்க் கடிதத்தில் அம்மா கோடை என்று எழுதினால் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படித்தேன். லீட்ஸிலும் ஷெஃபீல்டிலும் இருந்த தோழிகளுக்கு எதை எழுதுவது என்றே தெரியாது. வெயிலைப் பற்றி எழுதினால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார்கள். எழுதாவிட்டால் வேறு என்னதான் இருக்கிறது எழுத?

வெயிலுக்காகத்தான் அவர்கள் வந்தார்கள். மனோ அக்கா லீட்ஸில் ஆஸ்பத்திரி நர்ஸ். குளிர்காலத்தில் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவாராம். கடைசி இரண்டு வருடங்களில், நவம்பர் வந்தால் படுக்கையை விட்டு எழவே மனம் வராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். உடம்பில் ஒரு நோவும் இல்லை. வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். வீட்டு வரைபடங்கள் போடுகிற வேலையில் இருந்த சிவா அண்ணன் ஒருநாள் கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்து, “உம்மை வெயிலில கொண்டுபோய் வைக்கிறன்” என்று வாக்குக் கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர். சொன்னதைச் செய்யாமல் விடமாட்டார்.

கிளென் வேவர்லியில் பழத்தோட்டங்களை வெட்டி மனை போட்டுக்கொண்டிருந்த நேரம். தெருவின் வடபுறத்தில் ஒரு மனையை வாங்கி, வீட்டைத் தன் கையாலேயே வரைந்தார். ஹாலுக்குச் சுவர் முழுக்க ஒரே ஜன்னல், தெற்குப் பார்த்து. தெற்கு வாசல் ஆகாது என்று யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மாமியார் பதறிக் கடிதம் போட்டார். அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே சூரியன் தென்பக்கமாகச் சாய்ந்துதான் போகும். தெற்கு ஜன்னல் உள்ள அறைக்குத்தான் அடிதடி. வீடு கட்டிய கொத்தனார் ஃபிராங்கும் யார்க்ஷயரிலிருந்து வந்து நாலு மாதம் ஆனவர். “தெற்குப் பார்த்த வீடா, கொடுத்துவைத்தவன் நீ” என்று அண்ணனின் முதுகில் தட்டினாராம். பூமியின் அடிப்பாதிக்கு வந்துவிட்டால் சூரியன் வடக்கே போய்விடும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்தான். கட்டியது கோடைகாலம் என்பதால் சூரியன் உச்சியில் நின்று எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். நாங்கள் இருபது பேர் இருப்போம். ஹாலில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே பளீரென்று பகல். உள்ளே ஜன்னல் நிறையச் சாம்பல் வெளிச்சம், காலடியில் ஐஸ்போலத் தரை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், இது உங்களுக்குப் புதிதல்ல. விஷயம் சட்டென்று பிடிபட்டதும் அடக்கத் தெரியவில்லை.

“என்ன சிவா அண்ணே, இங்க சூரியன் வடக்காலல்ல போகுது! ஜன்னலை லீட்ஸப் பாத்து வச்சுட்டீங்களா?”

சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. “வீட்டைத் தூக்கித் திருப்பி வைப்பம்” என்றார் ஒருவர். “ஆளுக்கு ஒரு மூலையைப் பிடியுங்கோ” என்றார் இன்னொருவர். அண்ணன் எழுந்து தெருவுக்குப் போனார். வீட்டின் கூரைக்குப் பின்னால் நின்றிருந்த சூரியனை நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, “ஓம்” என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டார். சிரிப்பு அதற்குப் பிறகும் ஓயவில்லை. நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்றிலிருந்து அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். பூசைக்கு வாடகை மண்டபத்தில் கூடும்போது ‘தெற்கு சிவா’ என்ற பெயர் அவர் காதுபடவே புழங்கியது. ஒருநாள் மனோ அக்கா தொலைபேசியில் சொன்னார்: “லீட்ஸ் கந்தோருக்கு எழுதிப் போட்டார், பழைய வேலை இருக்கோ எண்டு. ‘நான் உம்மை ஏமாத்திப்போட்டன்’ எண்டு ஒரே கதை. நான் என்ன செய்ய?” அந்த இருட்டுக்கே அக்கா திரும்பிப் போவார். அனுப்பிவைத்தது என் நாக்காக இருக்கும்.

ஆனால் அக்கா அழுதுகொண்டிருக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது ஹாலில் இருந்த நல்ல கதிரைகள் நான்கும் லாண்டரியில் இருந்தன. வீட்டின் பின்புறம், வடக்குப் பார்த்த சின்ன அறை. ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு வாஷிங் மெஷின், குறுக்கே கட்டிய கொடியில் அவருடைய நர்ஸ் சீருடையும் இரண்டு நூல் புடவைகளும். அந்தக் குளிர்கால வெயில் முழுவதும் அங்கே வந்து குவிந்திருந்தது. ஈரப் புடவையின் மஞ்சள் சுவரில் அசைந்தது. உட்கார்ந்த பத்து நிமிடத்தில் கண் சொருகியது. அங்கே பேசிய பேச்சுகளில் பாதி எனக்கு நினைவில்லை. சவர்க்கார வாசனையும் முழங்காலில் விழுந்த சூடும்தான் நினைவிருக்கின்றன. சிவா அண்ணன் மட்டும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். கதவு வரை வருவார், தன் பிழையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போவார்.

ஆகஸ்டில் லீட்ஸிலிருந்து பதில் வந்தது. சனிக்கிழமை மத்தியானம், நான் அங்கேதான் இருந்தேன். கடிதத்தோடு கதவருகே வந்து நின்றார்.

“இடம் இருக்காம். வரச் சொல்லி எழுதியிருக்கினம். மனோ, நீர் சொல்லும்.”

அக்கா புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: “நீங்கள் போவம் எண்டா நான் வாறன். அது பிறகு. இப்ப வந்து இருங்கோ, தேத்தண்ணி ஆறுது.”

நான் இருந்ததால் மறுக்க முடியாமலோ என்னவோ, உள்ளே வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினார். தேநீரைப் பாதி குடித்தார். கடிதத்தை மறுபடி படிக்கப் போனவர், அப்படியே கழுத்துச் சாய்ந்து தூங்கிப்போனார். வாரக்கணக்கில் தூங்காத மனிதரின் தூக்கம். கடிதம் தரையில் விழுந்தது. கொடியில் கிடந்த புடவையின் நிழல் அவர் நெற்றியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தோம்.

அப்போதுதான், கிசுகிசுப்பாக, அக்கா அதைச் சொன்னார்.

“எனக்கு முதலே தெரியும், வசந்தா. முன்சுவர் இடுப்பளவு நிக்கேக்க, சோத்துப் பார்சல் கொண்டு போனனான். மத்தியானம். இருந்து சாப்பிட நிழல் தேடினன். நிழல் றோட்டுப் பக்கமாக் கிடந்தது.”

தெற்குச் சுவரின் நிழல் தெருவிருக்கும் தெற்கே விழுந்தால் சூரியன் வடக்கே இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏன் சொல்லல அக்கா? அப்பவே மாத்தியிருக்கலாமே!”

“ஷ்... எழும்பிடுவார்.” அண்ணனைப் பார்த்தார். “அண்டைக்கு அவர் சீக்காயடிச்சு, விசிலில பாட்டு ஒண்டை ஊதிக்கொண்டு, கல்லு எடுத்துக் குடுத்துக்கொண்டு நிண்டவர். லீட்ஸில ஒரு நாளும் அவர் சீக்காயடிச்சு நான் கேக்கேல்ல. அதை எப்பிடி நிப்பாட்டுறது? வெயில் எங்கையாவது ஒரு அறைக்குள்ள வரத்தானே வேணும், நான் தேடிப் பிடிப்பன் எண்டு நினைச்சன்.”

எனக்கு முகம் எரிந்தது. அவருக்கு மாதக்கணக்கில் தெரிந்திருந்தது, வாய் திறக்கவில்லை. எனக்கு ஒரு நிமிடம்தான் தெரிந்திருந்தது, ஊரையே சிரிக்க வைத்துவிட்டேன். “என்ன மன்னிச்சிருங்கக்கா” என்று அழுதேன். “நீர் சொல்லாட்டி வேற ஆரும் சொல்லியிருப்பினம். கோப்பையை இஞ்ச தாரும்” என்றார். கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் அந்தச் சத்தியத்தை வாங்கினார்.

அண்ணன் இரண்டு மணி நேரம் தூங்கினார். விழித்ததும் முதலில் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை. வெயில் நகர்ந்து தொட்டிப் பக்கம் போயிருந்தது. எழுந்து, தன் கதிரையை இழுத்து அந்த வெயிலில் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்க்காமல் சிரித்தார். திங்கட்கிழமை, வர இயலாது என்று லீட்ஸுக்குப் பதில் போனது. அடுத்த வருடம் அந்த அறையின் ஜன்னலைச் சுவர் அளவுக்கு அவரே பெரிதாக்கினார். பிறகு ‘தெற்கு சிவா’ கதையை அவரே சொல்லிச் சிரித்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கடைசிவரை அவருக்கு மறுபாதி தெரியாது.

மனோ அக்காவிடமிருந்து எனக்கென்று என்ன மிச்சம் என்று இறுதிச் சடங்கு முடிந்து வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் என் கணவர். அவருக்கு இரண்டு வருடமாக நினைவு தடுமாறுகிறது. நாங்கள் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வந்தவர்கள். கப்பலில் வந்ததாக இப்போது சொல்கிறார். மேல்தளத்தில் நின்று பறக்கும் மீன்களைப் பார்த்ததாகச் சொல்கிறார், சின்னப் பிள்ளைபோல முகம் மலர. ஒவ்வொரு தடவையும் நான் திருத்துவேன்: விமானம், வழியில் பம்பாயில் இறங்கினோம், உங்களுக்குக் காய்ச்சல். அவர் முகம் சுருங்கிப்போகும்.

அன்றும் ஆரம்பித்தார். “மனோவும் நம்மளோட அந்தக் கப்பல்லதான வந்தாங்க?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஆமாங்க” என்றேன். “பக்கத்து கேபின்ல இருந்தாங்க. நீங்கதான் அவங்களக் கூப்பிட்டு மீனெல்லாம் காட்டினீங்க.”